எம்ஜிபி எஞ்சினில் ஆயில் கசிவு: எல்லா இணைப்புக்கும் சிலிக்கான் போடலாமா?

கேள்வி இது: "என்னிடம் 1967 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து முழு கேஸ்கெட் செட்டும் புதிதாகப் போட்டாயிற்று. இருந்தும் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது, ராக்கர் கவர் (எஞ்சினின் மேல் மூடி) ஓரமும் ஈரமாக இருக்கிறது. பிரிட்டிஷ் வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்கிறார்கள். மறுபடி பிரித்து எல்லா இணைப்பிலும் சிலிக்கான் பேஸ்ட் தாராளமாகப் போட்டுக் கட்டிவிடலாமா?"

வேண்டாம். இந்த எஞ்சினில் கசிவு நிற்பது மூன்று விஷயங்களால். இணையும் இரண்டு முகங்களும் மட்டமாக இருக்க வேண்டும். போல்ட்கள் சொன்ன அளவுக்கு, சமமாக இறுகியிருக்க வேண்டும். கிராங்க் கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக்குள், அழுத்தம் சேராமல் பிரீதர் (உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் அமைப்பு) வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பல இடங்களில் பேஸ்டே தேவைப்படாது. ஒன்று தவறினாலும் எத்தனை டியூப் பிழிந்தாலும் ஆயில் வழி கண்டுபிடித்து வெளியே வரும். புது கேஸ்கெட் (இரண்டு முகங்களுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தாள்) போட்டும் கசிகிறதென்றால், கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியின் எஞ்சின் பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ், 1798 சிசி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த நான்கு சிலிண்டர் எம்ஜிபிகளில் இதுதான் ஓடியது. நம் ஊர் அம்பாசடரில் பல வருடங்கள் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அதனால் அம்பாசடர் எஞ்சின் பிரித்துப் பழகிய ஒரு மூத்த மெக்கானிக்கிடம் உங்கள் எஞ்சினைக் காட்டினால் பக்கவாட்டு டேப்பட் கவர், கார்க் கேஸ்கெட், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) எல்லாம் அவருக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் போட முடியாது. அம்பாசடரின் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., உங்களுடையது 80.26 மி.மீ.

"ஒழுகத்தான் செய்யும்" என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. 1964 கடைசி வரை வந்த எம்ஜிபி எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று மெயின் பேரிங்தான். அதன் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய மரை சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான் ஏற்பாடு. எஞ்சின் நின்றிருக்கும்போது, முக்கியமாகச் சரிவில் நிறுத்தினால், இரண்டு சொட்டு விழும். அதன்பிறகு வந்த ஐந்து பேரிங் எஞ்சினில் பின்னால் உதடு வைத்த ரப்பர் சீல் வந்துவிட்டது. உங்கள் 1967 வண்டியில் இருப்பது அந்த வகை. பழைய எஞ்சினுக்குச் சொன்ன சமாதானத்தை இதற்கு நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. இதை நன்றாகவே உலர வைக்கலாம்.

முதலில், பின்பக்கம் சொட்டுவதை வைத்துப் பின் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த சீலை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும், ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். இவ்வளவு பெரிய வேலையைச் சந்தேகத்தின் பேரில் தொடங்கக் கூடாது. பி சீரிஸில் பின்பக்க ஈரத்துக்கு நான் அதிகம் பார்த்த காரணம் பின் சீல் இல்லை. மேனிஃபோல்டுக்கு (வாயு போகும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும் பின் டேப்பட் கவர்தான். அங்கே கசியும் ஆயில் பிளாக்கின் ஓரமாக இறங்கி, பின் தகட்டைப் பிடித்துக்கொண்டு, பெல் ஹவுஸிங்கின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) அடியில் வந்து சொட்டும். பார்த்தால் அச்சு அசல் பின் சீல் கசிவு மாதிரியே இருக்கும். ராக்கர் கவரின் பின் மூலை, வலது பக்கம் பின்னால் ஆயில் பிரஷர் கேஜுக்கும் ஆயில் கூலருக்கும் போகும் குழாய் இணைப்புகள், இவையும் அதே இடத்தில்தான் வந்து சேரும். போதாததற்கு, எம்ஜிபியின் கியர்பாக்ஸிலும் எஞ்சின் ஆயிலைத்தான் ஊற்றுகிறோம். அதனால் சொட்டைத் தொட்டுப் பார்த்தோ முகர்ந்தோ அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். எஞ்சினை டிகிரீசர் போட்டு மேலிருந்து கீழ்வரை சுத்தமாகக் கழுவிக் காய விடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் மெல்லிசாகத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். எங்கே எல்லாவற்றுக்கும் மேலே பவுடர் நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்று. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வழிந்து வந்தது. ஆயிலில் கலக்கும் சாயமும் புற ஊதா விளக்கும் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது பிரீதர். யாரும் கவனிக்காத இடம் இது, எனக்கு மிக முக்கியமான இடமும் இதுதான். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேற வழியில்லை என்றால், எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். உங்கள் வருட வண்டியில் முன் டேப்பட் கவரில் ஒரு ஆயில் தடுப்பு டப்பா இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் இன்லெட் மேனிஃபோல்டில் உள்ள ஸ்மித்ஸ் வால்வுக்குப் போகும். உள்ளே வரவேண்டிய காற்று ராக்கர் கவரின் ஆயில் மூடியிலுள்ள வடிகட்டி வழியாக வரும். தடுப்பு டப்பாவுக்குள் கம்பி வலை ஒன்று இருக்கிறது. அது வருடக்கணக்கான கசடு பிடித்து அடைத்திருக்கும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்று தாராளமாகப் போகும் வரை அலசுங்கள். ஸ்மித்ஸ் வால்வின் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் வேகம் லேசாக உயர வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை என்றால் அமைப்பு வேலை செய்யவில்லை. இன்னொன்று, முந்தைய சொந்தக்காரர்கள் காற்றுத் துளை இல்லாத மூடியைப் போட்டிருப்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இந்த வால்வுள்ள எஞ்சினுக்கு அது பொருந்தாது.

பிரீதர் சுத்தமாக இருந்தும், ஓடும்போது மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? அப்படியானால் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் பாருங்கள். அந்த நிலையில் கேஸ்கெட் மாற்றுவது வீண் செலவு.

இப்போது டேப்பட் கவர்கள். இரண்டும் தகட்டில் அழுத்திச் செய்தவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட். கசிகிறது என்று பார்த்ததும் எல்லோரும் அந்த போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். நடு உள்ளே குழியும், ஓரம் வெளியே எழும்பும், கசிவு கூடும். பட்டறைக் கையேடு சொல்லும் முறுக்கு (இறுக்கும் அளவு) வெறும் 2 பவுண்டு-அடி, அதாவது 3 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. விரலால் திருகி அதற்குமேல் கொஞ்சம், அவ்வளவுதான். இந்தக் கவர்களை அடைய கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டியிருக்கும். எனவே ஒரே தடவையில் சரியாகச் செய்துவிடுங்கள். கவரைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஓரம் முழுக்கப் படிகிறதா என்று பாருங்கள். படியவில்லை என்றால் மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்துங்கள். கேஸ்கெட்டைக் கவரோடு மட்டும் பசை போட்டு ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பிளாக் பக்கம் ஒட்டாதீர்கள், லேசாகக் கிரீஸ் தடவினால் போதும். போல்ட் நுழையும் துளை வழியாகவும் ஆயில் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் அடியிலுள்ள சீலையும் புதிதாகப் போட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நேர் மேலே இருப்பதால் அந்தச் சூட்டில் கார்க் காய்ந்து கெட்டியாகிவிடும். ரப்பர் கலந்த கார்க் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ராக்கர் கவருக்கும் இதே நியாயம்தான். கேஸ்கெட்டைக் கவரோடு ஒட்டுங்கள், ஹெட் பக்கம் பசை வேண்டாம். அப்போதுதான் வால்வு இடைவெளி பார்க்க ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேஸ்கெட் கிழியாது. இரண்டு நட்டுக்கும் 4 பவுண்டு-அடி போதும். நட்டின் அடியிலுள்ள ரப்பர் புஷ்கள் கல்லாகிப் போயிருந்தால் மாற்றுங்கள், விலை கொஞ்சம்தான். உங்கள் ராக்கர் கவர் ஈரத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சம்ப்பில் பக்கவாட்டில் இரண்டு கேஸ்கெட். முன், பின் மெயின் பேரிங் கேப்களின் பள்ளத்தில் வளைந்து உட்காரும் கார்க் பட்டைகள் தனி. கசிவு பெரும்பாலும் இவை சந்திக்கும் நான்கு மூலைகளில்தான் தொடங்கும். இந்த நான்கு மூலைகளிலும் மட்டும் ஒரு பயறு அளவு சிலிக்கான் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டைகளின் முனை கொஞ்சம் தூக்கலாக நிற்கட்டும், இறுக்கும்போது அழுந்தி மூலையை அடைத்துக்கொள்ளும். அலமாரியில் வெகுநாள் கிடந்த கார்க் கேஸ்கெட் சுருங்கியிருக்கும், துளைகள் பொருந்தாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும். சம்ப்பின் விளிம்பையும் பாருங்கள். பல தடவை இறுக்கியதில் ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். அப்படியே மாட்டினால் துளை இருக்கும் இடம் மட்டும் அழுந்தும், இடையில் வழி திறந்திருக்கும். தட்டையான இரும்புக் கட்டியில் விளிம்பை வைத்து, சுத்தியலால் அந்த மேடுகளைத் தட்டி இறக்குங்கள். முறுக்கு 6 பவுண்டு-அடி. ஒரு சுற்றில் முடிக்காமல், எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் கொண்டுவாருங்கள்.

முன்பக்க டைமிங் கவரில் சீல் புதிதாக இருந்தும் கசிந்தால் கவர் நடுவில் உட்காரவில்லை என்று பொருள். எல்லா போல்ட்களையும் தளர்வாக விட்டு, கிராங்க் புல்லியின் கழுத்தில் எண்ணெய் தடவி சீலுக்குள் நுழைத்து, கவர் தானாக மையம் கண்டபிறகு இறுக்குங்கள். புல்லியின் கழுத்தில் பழைய சீல் உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அதன் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றைச் செருகிக்கொள்ளலாம், அதற்கென்றே விற்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆயில் தெறிப்பு வளையத்தில் 'எஃப்' என்று பொறித்திருந்தால் அந்தப் பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். ஆரம்பகாலக் கவரில் ஃபெல்ட் சீல், பின்னால் வந்ததில் ரப்பர் சீல். கவரை மாற்றினால் அதற்குரிய வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஹெட் கேஸ்கெட்டுக்குப் பேஸ்ட் கூடாது. இன்று கிடைக்கும் நல்ல காம்பசிட் கேஸ்கெட்களின் மேற்பூச்சே சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த, எண்ணெய்ப் பசை இல்லாத முகங்களில் அப்படியே வையுங்கள். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு முன்னால் பிளாக்கிலுள்ள ஸ்டட்களைக் கழற்றி, துளையின் வாயைப் பாருங்கள். பல வருட இறுக்கத்தில் முதல் மரை மேலே இழுபட்டு, துளையைச் சுற்றிச் சிறு மேடு எழும்பியிருக்கும். ஹெட் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்தால் கேஸ்கெட் சமமாக அழுந்தாது. துளை வாயைக் கொஞ்சம் சாய்வாகச் சீவி மேட்டை எடுத்துவிடுங்கள். ஹெட்டின் மட்டத்தை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். 2, 3 ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே துளையில் சேரும் நடுப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், சூடு அதிகம் தங்கும் இடம் அது. பதினொரு நட்டுகளையும் நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், படிப்படியாக 50 பவுண்டு-அடி வரை (சுமார் 68 நியூட்டன் மீட்டர்) இறுக்க வேண்டும். சூடாகி ஆறிய பிறகு, ஒவ்வொரு நட்டாகக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். அப்புறம் வால்வு இடைவெளியைக் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ராக்கர் ஷாஃப்டைத் தனியாகக் கழற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட் நட்டுகளும்தான். அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு, கூலண்ட் ஆயிலுக்குள் போக வாய்ப்புண்டு. ரேடியேட்டரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் அனைத்தையும் வரிசைப்படி தளர்த்திய பிறகே ராக்கரைத் தொட வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் தெர்மோஸ்டாட் ஹவுஸிங் அலுமினியம், அரித்திருக்கும். கண்ணாடி மேல் எமரி தாளை விரித்து முகத்தைத் தேய்த்து மட்டமாக்கி, காகித கேஸ்கெட்டின் இருபுறமும் மெல்லிய பேஸ்ட் பூசினால் முடிந்தது. பெட்ரோல் படும் இடங்களில், அதாவது எஸ்யூ கார்புரேட்டரிலும் அதன் இடைத்துண்டுகளிலும், சிலிக்கான் ஒருபோதும் வேண்டாம். பெட்ரோலில் உப்பி, பிய்ந்து உள்ளே போகும். அங்கே புது கேஸ்கெட்டை உலர்வாகவே போடுங்கள். சூட்டுத் தடுப்புத் தகட்டின் இரண்டு பக்கமும் கேஸ்கெட் வேண்டும், ஒன்று விட்டுப்போனால் காற்று உறிஞ்சி ஐடில் நிற்காது.

சரி, பேஸ்ட் என்று போட்டால் எதைப் போடுவது? எனக்குப் பிடித்தது நீல ஹைலோமார். ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சின்களுக்காக உருவானது, இறுகிக் கல்லாகாமல் பசையாகவே இருக்கும், மறுபடி பிரிப்பதும் சுலபம். காகித கேஸ்கெட்டிலும் உலோக முகங்களிலும் விரலால் மெல்லிய படலமாகத் தடவி, ஈரம் சற்று வற்றிய பிறகு மாட்டுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் கிடைக்கும் ஷெல்லாக் தண்ணீர்ப் பக்கக் காகித கேஸ்கெட்டுக்குப் பரவாயில்லை, ஆனால் காய்ந்தபின் பிரிக்கும்போது சுரண்டிச் சுரண்டி முகம் கீறும். சிலிக்கானைப் பொறுத்தவரை, வெளியே பிதுங்குவது எவ்வளவோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே தெரிவதைத் துடைத்துவிடுவீர்கள். உள்ளே இருப்பது உதிர்ந்து சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் ஒட்டும். கசிவை நிறுத்தப் போய் பேரிங்கைப் பறிகொடுத்த எஞ்சின்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லா இணைப்புக்கும் சிலிக்கான் என்ற யோசனையை நான் இவ்வளவு அழுத்தமாக எதிர்ப்பது அதனால்தான்.

வேறு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரில் சம்ப்பின் முன்னால் அலுமினியத்தில் ஒரு அடைப்புக் கட்டி இருக்கும், அதன் இருபுறமும் மரத்துண்டு செருகி ஆயிலை அடைப்பார்கள். அந்த அலுமினியத்தின் மரை மிக எளிதில் கழன்றுவிடும், கை எச்சரிக்கையாக இருக்கட்டும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் எஞ்சினும் அந்தக் குடும்பம்தான். ட்ரயம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4ஏ வரை சிலிண்டர் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உட்குழல்கள்) தனியாகக் கழலும். அவற்றின் அடியில் '8' என்ற எண்ணின் வடிவத்தில் கேஸ்கெட் உண்டு. லைனர் பிளாக்கின் மட்டத்துக்குமேல் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 வரை தூக்கலாக நிற்கிறதா என்று அளக்காமல் ஹெட்டை மூடக் கூடாது.

உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் கழுவல், பவுடர் சோதனை, பிரீதர் டப்பா சுத்தம், ஆயில் மூடி. இவற்றுக்கு ஒரு ஸ்பேனர் செட் போதும், எஞ்சினை இறக்க வேண்டாம். ஆயில் ஃபில்டர் பழைய கேனிஸ்டர் வகையாக இருந்தால், பள்ளத்துக்குள் பழைய ரப்பர் வளையம் தங்கிவிட்டதா என்றும் ஊசியால் குத்திப் பாருங்கள். பழையதன் மேல் புதியதைப் போட்டால் அங்கேயும் ஒழுகும். அதன்பிறகு ராக்கர் கவர், தேவைப்பட்டால் மேனிஃபோல்டைக் கழற்றி இரண்டு டேப்பட் கவர்களும். இவ்வளவும் செய்து, நூறு மைல் ஓட்டி, பெல் ஹவுஸிங் அடியில் இன்னமும் சொட்டுகிறது, மேலே பவுடர் எல்லாம் காய்ந்தே இருக்கிறது என்றால் மட்டும் பின் சீலைப் பற்றிப் பேசலாம். பவுடர் எந்த இடத்தில் முதலில் நனைந்தது என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.